முப்பத்தொரு லேயர்கள்

அந்தக் கோப்பில் நான் நானூற்றுப் பன்னிரண்டு நாள் வேலை செய்திருந்தேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, நாளுக்கு இரண்டு மணி நேரம். வேலை செய்த நாளுக்கெல்லாம் நாள்காட்டியின் மூலையில் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இல்லாதவை மின்சாரம் இல்லாத நாட்கள், அல்லது மனைவியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாட்கள்.

கோப்பில் இருந்தது எங்கள் மகளின் படம். ஏழு வயதில் எடுத்தது; எட்டு வயது அவளுக்கு வரவில்லை. ஆனித் தேருக்குச் சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது கீழ வீதி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தோம். முந்தின நாள்தான் மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைக் கூரைமேல் எறிந்துவிட்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஓட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோக்காரர் வாயை மூடச் சொன்னார். அவள் மூடவில்லை. அப்படியே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள். காய்ச்சல். விழுந்த பல் முளைக்க நேரமில்லை. அவள் முகம் தெரிகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். வேறு பிள்ளையும் எங்களுக்கு இல்லை.

எல்லா வீட்டிலும் இறந்தவர் படத்துக்குக் கண்ணாடிமேல் பொட்டு வைப்பார்கள். என் மனைவி அப்படி வைக்க மாட்டாள். வருடத்தில் ஒரு நாள், திதியன்று, சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, படத்தை வெளியே எடுத்து, மகளின் நெற்றியிலேயே குங்குமம் வைப்பாள். கண்ணாடியில் வைத்தால் கண்ணாடிக்குத்தான் பொட்டு என்பது அவள் கட்சி. நான் பல முறை கண்டித்திருக்கிறேன். ஒரு கார்த்திகை மழையில் கெடிலம் ஆறு பெருகி, எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குள் மூன்றரை அடி தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், அத்தனை வருடக் குங்குமமும் கரைந்து நெற்றியிலிருந்து மூக்கு, கன்னம், வாய் என்று வழிந்திருந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியபடியே ஸ்கேன் எடுத்தோம். பிறகு உரிக்கப் பார்த்ததில் நான்கு துண்டாகத் தோல்போல் கழன்று வந்துவிட்டது; ஒன்றிலும் முகம் மிஞ்சவில்லை.

மனைவிக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். பப்பாளி இலைத் தண்டுக் குழல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பாள். அதுவும் சுருங்கிக்கொண்டே போகும், போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது முழுக்க அடைபடுவதற்குள் மகளின் முகத்தை அவள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பதினொரு மணிக்கு நான் கணினியை அணைக்கும் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து கேட்பாள்: “வாய் வந்துடுச்சா?”

“இன்னும் ரெண்டு மாசம்” என்பேன்.

படம் திருத்தும் மென்பொருளில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல. அடியில் மூலப்படம் இருக்கும், மேல்தாளில் நாம் வரைவோம், பிடிக்காவிட்டால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம். என்னிடம் முப்பத்தொரு லேயர்கள். நெற்றி மூன்று, மூக்கு நான்கு, இடது கன்னம் பதினொன்று, இப்படி. வாயைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தச் சிவப்பு ரத்தம் மாதிரி தெரிந்ததால், அதைத் தினமும் பார்க்க முடியாமல் தோல் நிறத்தில் ஒரு தாளைப் போட்டு மூடியிருந்தேன். அதற்குக் கீழே வாய் பத்திரமாக இருந்தது. பல் இல்லாத இடமும் இருந்தது.

பழைய மென்பொருள் சேமிக்கும்போது உறைந்துபோக ஆரம்பித்தது. ஒரே காலையில் மூன்று தடவை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மச்சான், மனைவியின் தம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வந்தார். பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கினால் சரியாகும் என்றார். இறங்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. முடிகிற நேரத்தில் அவர் டீ குடிக்கக் கடைக்குப் போயிருந்தார்.

புதியது திறந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. திரை முழுக்கக் கரிச்சட்டி நிறம். எழுத்து எறும்பு அளவு. பழையதில் இடது ஓரத்தில் இருபத்தைந்து கருவிகள் கண்ணுக்குத் தெரியும், இதில் பதினொன்றுதான். மற்றவை எதற்குள் ஒளிந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நான் தினமும் பிடித்த சின்னத் தூரிகை இடம் மாறியிருந்தது. நடுவில் ஒரு பெட்டி வந்து, புதிதாக என்னென்ன செய்யலாம் என்று காட்டட்டுமா என்று கேட்டது. மூடினேன். மறுபடி வந்தது. ஐந்து தடவை மூடினேன்.

கோப்பைத் திறந்தேன். இது பழைய வகை, மாற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. லேயர்களை வைத்துக்கொள்ளவா, தோற்றத்தை வைத்துக்கொள்ளவா? லேயர்களை வைத்தால் தோற்றம் சிறிது மாறலாம் என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது. இரண்டு முறை படித்தேன். எனக்கு வேண்டியது அவள் முகம் துளியும் மாறாமல் இருப்பது. தோற்றம் என்பதை அழுத்தினேன். படம் வந்தது, எதுவும் மாறவில்லை. கடலூரில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாது, அதனால் எதைத் திறந்தாலும் உடனே சேமிக்கும் பழக்கம் என் விரலில் இருக்கிறது. சேமித்தேன். மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திறந்தேன். வலது ஓரத்தில் லேயருக்கு ஒன்றாக முப்பத்தொரு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. எல்லாத் தாளும் ஒன்றாக ஒட்டிப்போய், வாய் இருந்த இடம் வெறும் தோல் நிறமாக நின்றது.

மச்சான் திரும்பி வந்து பார்த்தார்.

“சரி மாமா, ஃபைலோட காப்பி எங்க வச்சிருக்கீங்க?”

“காப்பி இல்ல.”

“ஸ்கேன் பண்ணது?”

“அழிச்சிட்டேன். நீங்க அதப் போட்டுக் குடுத்த பென் டிரைவ்ல இருந்ததையும் அழிச்சிட்டேன்.”

“ஏன் மாமா?”

முப்பத்து நான்கு ஆண்டு பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு மனைக்கு இரண்டு மூலப்பத்திரம் வெளியே வந்தால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். மூலம் என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதைக் கண்டால் கை தானாகவே கிழிக்கப் போகும். இதைச் சொன்னேன்.

“ஊரு நெலத்தையெல்லாம் காப்பாத்துனீங்க” என்றார் மச்சான்.

கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனோம். அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் அவர் வீட்டில் மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் அரை நாள் ஓடியது. ஆயிரத்து எழுபது கோப்புகள் மீண்டு வந்தன. கரண்ட் பில், கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் முந்நூற்று ஆறு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மகள் இல்லை. அவள் இருந்த இடத்தின்மேல்தான் தினமும் சேமித்திருக்கிறேன். கீழ வீதிக்கும் நடந்தேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. நெகட்டிவ் என்றால் என்னவென்று கடைப் பெண் கேட்டாள்.

மூன்றாம் நாள் மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னார். புதிய பதிப்பில் ஒரு வசதி இருக்கிறதாம். இல்லாத இடத்தைச் சுற்றிக் கோடு போட்டால் அதுவே நிரப்பிக்கொள்ளுமாம். நான் வேண்டாம் என்றேன். அவர் அதற்குள் கோடு போட்டுவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு நாளில் நான் தொடாத வாய் பதினான்கு விநாடியில் வந்தது. மூன்று வாய், எது வேண்டும் என்று கேட்டது. மூன்றிலும் மேல்வரிசைப் பல் முழுதாக இருந்தது. எண்ணினேன். ஒரு பல்லை எடுத்துவிடு என்று மச்சான் தட்டச்சு செய்தார். கிழவியின் பொக்கை வாய் வந்தது. இன்னொரு முறை செய்ததில் உதடு மூடிக்கொண்டது. ஒன்பது முறை பார்த்தோம்.

“அக்காவுக்கு எங்க மாமா தெரியப் போவுது” என்றார். “அவுங்க மனசுக்குத் திருப்தியா இருக்கட்டும்.”

முதலில் வந்த மூன்றில் கடைசி வாயோடு பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். மறுத்திருக்கலாம். அவள் கண் எவ்வளவு நாள் பொறுக்கும் என்பதுதான் மனத்தில் ஓடியது.

மறுநாள் காலை எங்கள் வீட்டு ஜன்னலருகே நாற்காலி போட்டு மனைவியை உட்கார வைத்தேன். அவளால் முழுப்படத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. தாளை இடது கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ரிப்பன். நெற்றி. பொட்டு வைக்கும் இடத்தில் நின்றது. காது வந்தது, தோடு வந்தது. அந்தத் தோட்டை நான் பத்தொன்பது நாள் செய்தேன். “என் தோடுதான்” என்றாள். மூக்கைக் கடந்து தாள் இறங்கியது. இறங்கி நின்றுவிட்டது. அவள் கண் அங்கேயே இருந்தது. அதை அங்கும் இங்கும் அரை விரல் நகர்த்திப் பார்த்தாள்.

“பல்லு மொளைச்சிடுச்சே” என்றாள்.

சொல்வதற்கு என்ன இருந்தாலும் அது அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். படமில்லாத பக்கத்தைக் கையால் தடவி நேராக்கினாள். சோறு வெந்திருக்கும், இறக்கி வையுங்கள் என்றாள். இறக்கி வைத்தேன்.

அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான். பதினொரு மணிக்கு அவள் எதுவும் கேட்பதில்லை. மச்சான் சொன்னபடி கோப்பை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறேன், ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில். இரண்டிலும் அதே வாய்தான்.