ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்பு

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கொடைக்கானலில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் கதை வட்டம் கூடும். ஆறேழு பேர்தான். எழுதிவந்ததை ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கருத்துச் சொல்வோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் நான் கருத்துச் சொல்லும்போது மட்டும் எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். திறந்து வைத்துக்கொள்வதோடு சரி.

போன மழைக்காலத்தில், வில்பட்டி சாலையில் தங்கும் விடுதி நடத்துகிறவர் ஒரு கதை படித்தார். நேபாளத்திலிருந்து வந்த சிறுமிக்குப் பள்ளியில் முதல் நாள். வெளியே மழை, அவள் கண்ணிலும் மழை. மொழி தெரியாமல் மூலையில் நின்று தேம்புகிறாள். ஆசிரியை அணைத்துக்கொள்கிறார். அவள் ‘அம்மா’ என்கிறாள். வகுப்பே கைதட்டுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருடம் நான் கேட்ட நான்காவது அழுகை அது.

நானும் அப்படி வந்தவள்தான். எட்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் இந்த மலைக்கு வந்தேன். பள்ளிக்குப் போன முதல் நாளே, வாசலில் கழற்றி வைத்த ஷூவைக் காணவில்லை. தோட்டத்தில் அதற்குச் சப்பாத்து என்று பெயர். “என்ட சப்பாத்த யாரோ எடுத்திட்டாங்க டீச்சர்” என்றேன். “சப்பாத்தி போனாப் போகுது, மத்தியானம் சோறு போடுவாங்க, ஒக்காரு” என்றார் டீச்சர். நான் அழவில்லை. வெறுங்காலோடு வீடுவரைக்கும் எல்லோரையும் திட்டிக்கொண்டே போனேன்.

இதை விடுதிக்காரரிடம் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா உருக்கமா இல்லையே” என்றார்.

“ஒங்க சமையல்காரரு மகளைப் பாத்துத்தான எழுதுனீங்க? அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அது சின்னப் புள்ள. என்னத்தச் சொல்லிரப் போகுது?”

மறுநாள் நானே விடுதிக்குப் போனேன். சமையலறைக்குப் பின்னால் அந்தச் சிறுமி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். விடுதிக்காரரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். வேலைக்கு வரும் பெண்களிடமிருந்து கற்றுக்கொண்ட தமிழில் படபடவென்று சொன்னாள்.

“ஒண்ணாப்புல போட்டுட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு. ஊர்ல நான் நாலாப்பு. தமிழ் வராதுன்னு பாப்பாங்க கூட ஒக்கார வைக்கிறாங்க. பெஞ்சுல முட்டி இடிக்குது. பக்கத்துப் பையன் என் பாவாடைல மூக்கத் தொடைக்கிறான்.”

“அழுதியாம்மா?” என்றார் விடுதிக்காரர், ஆசையோடு.

“அவன்தான் அழுதான். நான் அடிச்சேன்ல.”

அடுத்த கூட்டத்துக்கு அவர் திருத்தி எழுதிவந்தார். கதையில் சிறுமியின் முட்டி பெஞ்சில் இடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரி: ‘முட்டியின் வலியைவிட மனத்தின் வலி பெரிதாக இருந்தது.’

“முட்டி இடிக்கிறது போதும் சார். மனசை எதுக்கு இழுக்கிறீங்க?”

“படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல டீச்சர்?”

மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னார். விடுதிச் சோலியைப் போட்டுவிட்டு, அவளை வகுப்பு மாற்றச் சொல்லி மூன்று நாள் அந்தப் பள்ளிக்கு நடந்திருக்கிறார். மூன்றாம் நாள் தலைமையாசிரியை சிறுமியைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்ல, அவள் மளமளவென்று போட்டிருக்கிறாள். இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள்.

இவ்வளவு செய்த மனிதரா அப்படி எழுதினார்? “இதை ஏன் சார் எழுதல?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மூன்றாவது பிரதியில் ‘கருணை உள்ளம் கொண்ட விடுதி உரிமையாளர்’ ஒருவர் வந்தார். இரண்டு பக்கத்துக்கு அவர் விழிகள் பனித்தன. சிறுமிக்கு நாலே வரி. அதில் இரண்டில் அழுதாள்.

சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரி இருந்தது: தலைமையாசிரியை அறைக்கு வெளியே கல்பெஞ்சு சில்லென்று இருந்ததால் உரிமையாளர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். அதை மட்டும் விட்டுவைத்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தவர் குழம்பிப்போய் அந்த வரியைக் காட்டிக் கேட்டார்: “இதுல என்ன டீச்சர் இருக்கு?”

அவருக்கு இதை எப்படி விளக்குவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான்காவது பிரதி எழுதிக்கொண்டிருக்கிறாராம்.