மூணாம் பக்கத்துல ஒரு கண்

வாடகைக்குப் புத்தகம் விடுற கடையில வேலை பார்க்கிறவனுக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, படிச்சுட்டு வந்தவங்க சொல்றதைக் கேக்கும்போது முகம் மாறாம இருக்கத் தெரியணும். லைப்ரரி, முடிவெட்டுற கடை, கோப்பிக்கடைன்னு எங்கயாவது கவுண்டருக்குப் பின்னாடி நின்னவங்களா இருந்தா, நான் பட்டது உங்களுக்கு உடனே புரிஞ்சிடும்.

எங்க கடை சிராங்கூன் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல. முதலாளியை எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க. எழுபத்தாறுலேர்ந்து எண்பத்தஞ்சு வரைக்கும் பகல்ல நான் அங்க, சாயங்காலம் நைட் ஸ்கூல்ல. வாரப் பத்திரிகை, நாவல், சமையல் புத்தகம், சித்திரக்கதை எல்லாம் வாடகைக்குப் போகும். எண்பதுல 'எரிமலைப் படை'ன்னு ஒரு சித்திரக்கதை வர ஆரம்பிச்சது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு சக்தி, உலகத்தைக் காப்பாத்துறது அவங்க தொழில். மெட்ராஸ்ல அச்சடிச்சு மாசா மாசம் கப்பல் பார்சல்ல வரும்.

பதினாலாவது இதழ் கடைசிக் கட்டத்துல அவங்க தளபதி மத்த அஞ்சு பேரையும் ஒரு பார்வை பார்த்து, "நம்ம ஆறு பேர்ல ஒருத்தர் எதிரியோட ஆளு"ன்னு சொல்லிட்டாரு. யாருன்னு சொல்லலை. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆகியும் சொல்லலை. எழுதினவரு மெட்ராஸ்ல நிம்மதியா இருந்தாரு. கேள்வி எல்லாம் என்கிட்ட வந்தது.

செத்தவன் சிரிச்சான்

ஒரு தடவை பார்சல் முன்ன பின்ன வந்துச்சு. பதினெட்டாவது இதழ் மொதல்ல, பதினேழு மூணு வாரம் கழிச்சு. பதினெட்டுல அந்த ஆறு பேர்ல கழுகன்ங்கிறவன் மலையிலேர்ந்து விழுந்து செத்துப் போறான். பதினேழுல அதே ஆளு கால் மேல கால் போட்டு உக்காந்து இட்லி சாப்பிடுறான். புக்கிட் பாஞ்சாங்லேர்ந்து வர்ற லாரி டிரைவர் தங்கையா, வந்த வரிசையிலேயே ரெண்டையும் படிச்சுட்டு, கழுகன் செத்த மாதிரி நடிச்சிருக்கான், அவன்தான் துரோகின்னு முடிவு கட்டிட்டாரு. வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் சொல்லியும் விட்டாரு.

நான் ஒரு அட்டையில, 'முதலில் 17, பிறகு 18'னு பெரிசா எழுதித் தொங்க விட்டேன். அதைப் பார்த்துட்டு, கடைக்காரங்க எதையோ மறைக்கப் பார்க்குறாங்கன்னு ரெண்டு பேர் கிளம்பினாங்க. இதழ் அட்டையில இருக்கிற நம்பரைக் காட்டி, பதினேழு முன்னாடி நடந்ததுண்ணேன்னு தங்கையாகிட்ட நிதானமா எடுத்துச் சொன்னேன். அவரு என்னைப் பாவமா பார்த்தாரு.

"நம்பர் யாரு வேணாலும் போடலாம் முருகேசு. செத்தவன் சிரிச்சுக்கிட்டே இட்லி தின்றான், நீ அதைப் பாரு."

வாடாத பூ

தமிழ் டீச்சர் ஒருத்தங்க வருவாங்க. கார்டுல தடிமனான நாவலாத்தான் எடுப்பாங்க. எரிமலைப் படையை மட்டும் அலமாரிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே படிச்சு முடிச்சுட்டு, கைக்குட்டையால கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வருவாங்க. நானும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஒரு நாள் நாவலைத் திருப்பிக் குடுக்கும்போது குரலை இறக்கி, நீலவேணிதான்னாங்க. படையில இருக்கிற ஒரே பொண்ணு நீலவேணி. எப்படி டீச்சர்னேன். ஆறு பேரும் எரிமலைக்குள்ள போயிட்டு வராங்களாம். அஞ்சு பேருக்குச் சட்டை கிழிஞ்சு முகமெல்லாம் கரி. நீலவேணி தலையில வச்ச பூ அப்படியே இருக்காம். எனக்கும் ஒரு நிமிஷம் தலை சுத்திடுச்சு. படம் போடுறவரு மறந்திருப்பாருன்னு சொல்லிப் பார்த்தேன்.

"இருபது வருஷமா பிள்ளைங்க நோட்டைத் திருத்துறேன் தம்பி. மறந்து விட்டது எது, வேணும்னே விட்டது எதுன்னு எனக்குத் தெரியும்."

ரெண்டு பேருக்கு ஒரு கார்டு

ஜோசப் அண்ணன் பஸ் வொர்க்ஷாப்ல ஃபிட்டர். கோவிந்தசாமி அண்ணன் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற ரூம்ல அட்டெண்டன்ட். புக்கிட் மேராவுல ஒரே பிளாக், ஒரே மாடி. எங்க கடையில ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு. அப்படிக் கார்டு வச்சிருந்தவங்க வேற யாருமே இல்ல. சனிக்கிழமை ஜோசப் அண்ணன் படிப்பாரு, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சு வர்ற வழியில அடுத்த கதவைத் தட்டிக் குடுப்பாரு. பல வருஷமா இப்படித்தான்.

துரோகி விஷயத்துல மட்டும் ஒத்து வரலை. ஜோசப் அண்ணனுக்குத் தளபதி மேல சந்தேகம். திருடன் திருடன்னு மொதல்ல கத்தினவனைத்தான் பிடிக்கணும்னு சொல்வாரு. கோவிந்தசாமி அண்ணன், புகையா மாறிக் கதவிடுக்குல போற புகையன்தான்னாரு. கண்ணால பார்த்த அத்தாட்சி இருக்குன்னும் சொன்னாரு. ஒரு சனிக்கிழமை கடை நிறைய ஆளு இருக்கும்போது, எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து இவருக்கு எல்லாத்துக்குள்ளயும் எலும்பு தெரியுதுன்னு ஜோசப் அண்ணன் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன். கோவிந்தசாமி அண்ணன் சிரிக்கலை.

அடுத்த வாரம் தனியா வந்தாரு.

"எனக்குத் தனிக் கார்டு போடு. அவரு நம்பருக்குப் பக்கத்து நம்பர் வேணாம்."

அந்த அத்தாட்சி

புதுக் கார்டு எழுதினதும், பழைய இதழ் எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாரு. ஒவ்வொண்ணா மூணாம் பக்கத்தைத் திறந்தாரு. அந்தப் பக்கத்துல, இதுவரை நடந்த கதைன்னு போட்டு ஆறு பேரும் வரிசையா நிக்கிற படம் இருக்கும். மாசா மாசம் அதே படம்தான். கடைசியா மூலையில நிக்கிறவன் புகையன். அவன் நெஞ்சுல ஊதாக் கலர்ல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு கண். எல்லா இதழ்லயும். எதிரியோட அடையாளம் அது, படம் போடுறவன் நமக்குச் சாடை காட்டுறான்னாரு.

அது நான் வச்ச சாப்பு, கடை முத்திரை. வாடகைப் புத்தகத்துல அட்டையும் மொதல் தாளும் ரெண்டு மாசத்துல கிழிஞ்சு போகும், அதனால திருடு போனாக் கண்டுபிடிக்கிறதுக்கு மூணாம் பக்கத்து மூலையில ரப்பர் சாப்பு வைக்கிறது எங்க வழக்கம். பாயோட அப்பா காலத்து சாப்பு அது. சுத்தி இருந்த கடைப் பேரு தேய்ஞ்சு போச்சு. நடுவுல இருந்த மயிலும் தேய்ஞ்சு தேய்ஞ்சு கண்ணு மாதிரி ஆயிடுச்சு. பின்னட்டையில சதுரமா புது சாப்பு ஒண்ணு வைப்போம், வர்றவங்க அதைத்தான் கடை சாப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவரு முகத்தைப் பார்த்துட்டு, இதழை எல்லாம் திரும்ப அடுக்கி மட்டும் வச்சேன். பாய் வந்ததும் அவருகிட்ட சொன்னேன். பாய் தாடியைத் தடவினாரு.

"இப்போதைக்குச் சொல்லாதே. கண்ணு இருக்கான்னு பார்க்கிறதுக்கே நாலு பேரு பழைய இதழை எடுத்துட்டுப் போவாங்க."

மேரி அக்கா

ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் ஜோசப் அண்ணன் சம்சாரம் மேரி அக்கா மார்க்கெட் பையோட கடைக்கு வந்தாங்க. அவங்க புத்தகம் எடுக்கிற ஆளு இல்ல. மக பிலோவுக்கு இன்னும் மூணு வாரத்துல கல்யாணம். காலையில கோயில்ல பூசை, மத்தியானம் கம்யூனிட்டி சென்டர் ஹால்ல விருந்து. விருந்துல மைக் பிடிச்சுப் பேச வேண்டியது கோவிந்தசாமி அண்ணன். அந்த பிளாக்ல எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவருதான் பேசுவாரு. அதுவும் பிலோ பிறந்தப்ப ஜோசப் அண்ணன் வேலையில மாட்டிக்கிட்டதால, குழந்தையை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே கோவிந்தசாமி அண்ணன்தான். மாமா பேசலைன்னா எனக்கு விருந்தே வேணாம்னு பொண்ணு சொல்லிடுச்சாம்.

அவரோ கல்யாணப் பத்திரிகையை வாங்கி வச்சுக்கிட்டு பதிலே சொல்லலை. ரெண்டு பேரும் பேசுறது கிடையாது. லிஃப்டுல ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் ஒம்பது மாடி நடந்து ஏறுறாராம். அக்கா பையைக் கவுண்டர் மேல வச்சாங்க.

"சொத்துச் சண்டைன்னா வக்கீல்கிட்ட போவேன், வயித்து வலின்னா டாக்டர்கிட்ட போவேன். புகைக்காக அம்பது வயசு ஆளுங்க ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா யார்கிட்ட போறதுன்னு நீயே சொல்லு."

உண்மையைச் சொன்ன வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிடுவாரு. அந்த நேரத்துக்கு ரெண்டு பேரையும், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரை, வரச் சொன்னேன். வந்தாங்க. நடுவுல ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு இடம் விட்டு நின்னாங்க. நான் சாப்பையும் மைப் பெட்டியையும் கவுண்டர் மேல வச்சு, வெள்ளைத் தாள்ல ஒண்ணு அடிச்சுக் காட்டினேன். வட்டம், நடுவுல கண்ணு. பக்கத்துலேயே எரிமலைப் படை மூணாம் பக்கம். அதோட விடலை. சமையல் புத்தகம் ஒண்ணு, ஜோசியப் புத்தகம் ஒண்ணு, கோழி வளர்ப்புப் புத்தகம் ஒண்ணு, மூணையும் திறந்து வச்சேன். சமையல்ல வறுத்த மீன் மேல கண்ணு. ஜோசியத்துல சனி மேல. இன்னொண்ணுல ஒரு சேவல் மேல. இது வெறும் கடை சாப்பு, உங்க ரெண்டு பேர் சண்டைக்கும் நான்தான் காரணம், மன்னிச்சுக்குங்கன்னேன்.

ரெண்டு பேரும் அந்தச் சேவலையே பார்த்தாங்க. அப்புறம் ஜோசப் அண்ணன், என்னைப் பார்க்காம, கோவிந்தசாமி அண்ணன்கிட்ட, மை இன்னும் ஈரமா இருக்கிற மாதிரி உனக்குத் தெரியலையான்னாரு. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசின மொதப் பேச்சு அது. கோவிந்தசாமி அண்ணன் சேவலைத் தொட்டுப் பார்த்தாரு. மை காய்ஞ்சு எத்தனையோ வருஷம் இருக்கும். ஆனாலும் விரலை மூக்குக்கிட்ட கொண்டு போனாரு.

"இவ்வளவு வேலை தனி ஆளு செய்ய முடியாது முருகேசு. உன்னைக் குத்தச் சொன்னது யாரு?"

மைக்

கல்யாணத்துக்குப் போனேன். ஹால்ல பிரியாணி வாசம், ஃபாதர் ஜெபம் சொல்ல ரெடியா நிக்கிறாரு, பிலோ வெள்ளைப் புடவையில மேடையில. மேரி அக்கா மைக்கைக் கையில வச்சுக்கிட்டு மேடை ஓரத்துல நிக்கிறாங்க. கோவிந்தசாமி அண்ணன் சட்டை மடிப்புக் கலையாம வந்து, மேடைப் பக்கம் போகாம, நேரா என் மேசையில உக்காந்தாரு. பின்னாடியே ஜோசப் அண்ணன். பொண்ணோட அப்பா வந்தவங்களைக் கவனிக்காம என் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

கோவிந்தசாமி அண்ணன் சொன்னாரு, இந்தச் சாப்பு விஷயத்தை இவரும் நானும் பேசிப் பார்த்துட்டோம், மத்ததெல்லாம் இன்னும் பேசலை, நீ உண்மையைச் சொன்னாத்தான் நான் மைக்கைத் தொடுவேன்னு. அன்னிக்குச் சொன்னதுதாண்ணேன்னேன். அவரு கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில சாய்ஞ்சாரு. பிலோ மேடையிலேர்ந்து மாமாவையே பார்க்குது. மேரி அக்கா மைக்கை என் பக்கமா லேசா ஆட்டினாங்க. கஸ்டமர்கிட்ட நான் பொய் சொன்னது கிடையாது. என்ன வருதுன்னு தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"மெட்ராஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சுண்ணே. புகையன் மேல கண்ணைப் போட்டுப் படிக்கிறவங்களைத் திசை திருப்பச் சொன்னாங்க."

சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. கண்ணுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு சொன்ன கோவிந்தசாமி அண்ணன் பக்கமும் சரியாப் போச்சு, புகையன் துரோகி இல்லன்னு சொன்ன ஜோசப் அண்ணன் பக்கமும் சரியாப் போச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கோவிந்தசாமி அண்ணன் எந்திரிச்சுப் போய் மைக்கை வாங்கி, பிலோவைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்த கதையிலேர்ந்து ஆரம்பிச்சு, பிரியாணி ஆறுற வரைக்கும் பேசினாரு. பொண்ணு அழுதுச்சு. மேரி அக்கா அழலை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாங்க. ஜோசப் அண்ணன் என் தோள்ல கையை வச்சாரு.

"இதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்லா."

கடையில ஒம்பது வருஷம் நின்னு நான் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்: உண்மைக்கு சாப்பு, மை, மீன், சனி, சேவல்னு அத்தனை சாட்சி வச்சும் ஒருத்தரும் நம்பலை, பொய்க்கு ஒரு சாட்சி கூட கேக்காம என் பிரியாணியில ரெண்டு முட்டை வச்சாங்க.