நிழலில் ஒரு நாற்காலி

விதீன் ஊரில் துஷ்கோவை எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் அவன் பார்த்தது சமையல் கிடங்கு வேலை. துப்பாக்கியைத் தொட்டதைவிட வெங்காய மூட்டையைத் தொட்டதுதான் அதிகம். அந்த ஆள்தான் கடைத்தெருவில் அலுவலகம் திறந்து, எங்கோ பாலைவனத்தில் நடக்கும் போருக்குக் காவல் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரொட்டிக்கடையில் மாவு பிசையும் கின்காவின் புருஷன் மெத்தோடி அவனிடம் போய் மாட்டினான். ஆலை மூடியபின் வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த மனுஷன்.

"காவல்னா என்னன்னு நெனச்ச? நெழல்ல ஒரு நாற்காலி. உக்காந்து கேட்டைப் பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றான் கர்னல்.

அங்கே நாற்காலியும் இல்லை, நிழலும் இல்லை. சாமான் லாரிகளுக்கு முன்னால் போகும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"பட்டாளத்துக்காரன் வண்டிக்குக் கெட்டி இரும்புக் கதவு, கின்கா. எங்களுக்கு வெறும் தகரம். மணல் மூட்டையச் சாத்தி வெச்சிருக்கோம்" என்று போனில் சிரித்தான் மெத்தோடி. "அவன் அடிபட்டா ஹெலிகாப்டர் வரும். நாங்க அடிபட்டா வேற ஆள் வருவான்."

அப்படியே ஆயிற்று. மெத்தோடி கண்ணிவெடியில் போன மறுநாளே அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஊருக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அவன் போர்வீரன் இல்லையாம். ஆகவே கொடியும் கிடையாது, மரியாதை வேட்டும் கிடையாது. கர்னல் துக்கத்துக்கு வந்து, துக்க வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு, "சாலை விபத்துன்னே சொல்லிடும்மா, கம்பெனிக்கு அதுதான் நல்லது" என்றான். அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது கின்காவுக்கு. எறியவில்லையே என்று அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த இடி தம்பி பிளாமென். அடுத்த கூட்டத்தோடு அவனும் போகிறானாம்.

"மச்சானுக்கு நேரம் சரியில்லக்கா. எனக்கு வெறும் கேட்டு வேலைதானாம்."

"அவருக்கும் அதைத்தான்டா சொன்னான் அந்த வெங்காயக் கர்னல்!"

அவன் கேட்கிற மாதிரி இல்லை.

நாற்பதாம் நாளுக்கு, ஊர் வழக்கப்படி, படம் போட்ட இறப்பு நோட்டீஸ் அச்சடித்தாள் கின்கா. வீட்டுக் கதவு, விளக்குக் கம்பம், ரொட்டிக்கடை என்று ஒட்டினாள். கடைசி ஒன்றைக் கர்னலின் அலுவலகக் கதவில் ஒட்டினாள். அதில் மட்டும் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'போரில் இறந்தார். அனுப்பியவர் உள்ளே இருக்கிறார்.' இறந்தவர் நோட்டீஸை அங்கே யாரும் கையால் எடுக்க மாட்டார்கள். மழையும் வெயிலும்தான் எடுக்கவேண்டும். அதனால் மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டே ஒட்டியிருந்தாள்.

எதிர் காப்பிக்கடையில் ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கர்னல் வெளியே வருவான், வானத்தைப் பார்ப்பான், உள்ளே போவான். ஊரான் பிள்ளைகளை வெடிக்கு முன்னால் உட்காரவைக்கும் சூரன், ஒரு காகிதத்துக்குப் பயந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். தூ, இதுவும் ஒரு ஆண்பிள்ளை!

கிளம்பும் நாள் காலை பிளாமென் பையோடு கர்னலின் அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒட்டிய மாவோடு கின்காவும் பின்னாலேயே ஓடிவந்தாள். மச்சானின் படத்துக்கு முன்னால் அவன் கால் நின்றுவிட்டது. ஆள் கைநழுவுகிறான் என்று கர்னலுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து, நோட்டீஸை உறையோடு பிய்த்துக் கசக்கி எறிந்தான்.

காப்பிக்கடையில் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள்.

"வா தம்பி, பஸ்சு நிக்குது. குப்பையப் பாத்துக்கிட்டு நிக்காத."

"குப்பையா?" பிளாமென் குனிந்து அதை எடுத்தான். தொடையில் வைத்து மச்சானின் முகத்தை நீவி நீவிச் சரிசெய்தான். "நாளைக்கு என் மூஞ்சிய இங்க ஒட்டினாலும் இப்படித்தான கசக்குவ?"

கர்னல் அவன் பையைப் பிடித்து இழுத்தான். பிளாமென் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நெழல்ல நாற்காலிதான? நீயே போய் உக்காருய்யா."

கின்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பியிடமிருந்து நோட்டீஸை வாங்கி, இனி இது எதற்கு என்று உறையை உருவிப் போட்டுவிட்டு, தாளை அதே கதவில் வைத்து அழுத்தினாள். பசைக்கு அவள் கையில் ஒட்டியிருந்த மாவே போதுமாயிருந்தது.