கறுப்பு ஜீப்பா, வெள்ளை ஜீப்பா

என் வீட்டுக்காரருக்கு வலது கண் சரியாகத் தெரியவில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அதைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வலது பக்கம் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கை தட்டிவிடும். கதவு நிலையில் வலது தோள் இடிக்கும். இடித்த பிறகு, நிலையை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி வைத்துவிட்ட மாதிரி அதை முறைத்துப் பார்ப்பார். கண் கிளினிக்குக்குப் போவோம் என்றால், "பொகவந்தலாவை ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன் புள்ள, எனக்கு என்னத்துக்குக் கிளினிக்கு" என்று சிரிப்பார்.

நான் எதற்கும் பயப்படுகிறவள்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். தெரியாத விஷயம் நிறைய இருப்பதால் பயமும் நிறைய. பிள்ளைகளே "அம்மா மழை வந்தாலும் அழுவும், வெயில் வந்தாலும் அழுவும்" என்று கேலி பண்ணுவார்கள். அதனால் இந்தக் கண் விஷயத்தைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அவர் மரக்கறி லொறியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்த லொறி வாங்கினவர். இப்போது லொறிகளை வேறு ஆட்கள் ஓட்டுகிறார்கள். அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது நான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. "ஆயுசு பூரா முதுகு வலிக்க ஓட்டியாச்சு, இனி நம்ம ரெண்டு பேரும் ஒரு நல்ல ஜீப்புல போகணும்" என்று ஆரம்பித்தார். உயரமாக, பளபளவென்று இருக்கிற அந்தச் சொகுசு வண்டிகளுக்கு என்னென்னவோ பேர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லாமே ஜீப்தான்.

இரண்டு வண்டிகளில் அவர் மனசு விழுந்துவிட்டது. வெள்ளை, ஜப்பான்காரன் செய்தது. கறுப்பு, ஜெர்மன்காரன் செய்தது. சாப்பிடும்போதும் போனை நீட்டுவார். "எது புள்ள நல்லா இருக்கு? சொல்லேன்." அந்தப் படத்தில் எனக்கு வண்டி தெரியாது, ரோட்டு வளைவுகள்தான் தெரியும்.

புரோக்கர் ஹட்டனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஆள். இவர் அவரை நானா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். ஒரு நாள் காலையில் வெள்ளை ஜீப்போடு கொட்டகலைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கறுப்பு வண்டி பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் நிற்கிறது, இதில் போய் அதில் திரும்பி வரலாம் என்றார். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. பொண்ணு பாக்கிற மாதிரி அவசரப்பட வேணாம்."

"பொண்ணு பாத்தப்ப நான் அவசரப்பட்டுட்டேன் நானா, அதான் இந்த வாட்டி நிதானமா" என்று என்னைக் காட்டினார் இவர். அவர்கள் சிரித்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், புரோக்கர் பக்கத்தில், நான் பின் சீட்டில் ஏறினேன்.

நோர்வூட் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்து டிரைவர்மாருக்குப் பனியில் காதுதான் கண். வளைவுக்கு முந்தியே கண்ணாடியை இறக்கி ஒரு ஹோன் அடிப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஹோன் வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். லொறியில் இவர் கண்ணாடியை ஏற்றி நான் பார்த்ததே இல்லை, எந்த மழையிலும் முழங்கை வெளியேதான் இருக்கும்.

இவர் கண்ணாடியை இறக்கப் போனார். "இறக்காதீங்கண்ணே" என்றார் புரோக்கர். "உள்ள எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாருங்க. பள்ளிவாசல் மாதிரி." இவரும் விட்டுவிட்டார். வளைவில் ஹோன் அடித்தார். நாங்கள் அடித்த ஹோனே வேறு தோட்டத்திலிருந்து வருகிற மாதிரிதான் கேட்டது. பதில் வரவில்லை. திருப்பினார்.

வலது பக்கக் கண்ணாடி பூரா ஒரு பஸ். ஜீப் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு தானாகவே நின்றது. என் நெற்றி முன் சீட்டில் மோதியது. பஸ் டிரைவர் ஏதோ ஏசினார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"பாத்தீங்களாண்ணே, வண்டியே பிரேக் போட்டுருச்சு" என்றார் புரோக்கர், தானே அதைச் செய்த மாதிரி.

"பஸ்காரன் ஹோனே அடிக்கல" என்றார் இவர்.

பஸ் டிரைவர் ஹோனில் வைத்த கையை எடுக்காமலே இருந்ததை நான் பார்த்தேன். இத்தனை காலம் அந்தக் காதை வைத்துத்தான் இவர் கண்ணைச் சமாளித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொகவந்தலாவையில் கறுப்பு வண்டியை எடுத்தோம். புரோக்கர் வெள்ளையில் முன்னால் போனார். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இவரைத் தனியாக விட வேண்டுமே. முன் சீட்டில் ஏறினேன்.

பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கவனித்தேன், இவர் ரோட்டைப் பார்க்கவில்லை. வெள்ளை ஜீப்பின் பின் லைட்டைப் பார்த்துத்தான் ஓட்டினார். அது திரும்பினால் திருப்பினார், அது நின்றால் நின்றார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். இவரும் இறக்கினார். பிறகு ஒரு வளைவில் அந்தச் சிவப்பு காணாமல் போனது. வண்டி மெதுவாகி, மெதுவாகி, நடு ரோட்டில் நின்றுவிட்டது.

"ஏங்க?"

"நானாவோட லைட்ட காணோம்." கொஞ்சம் கழித்து, சின்னக் குரலில், "வெள்ளக் கோடு எந்தப் பக்கம் இருக்கு?"

கோடு அவருக்கு நேர் கீழேதான் இருந்தது. பஸ் வந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. அதற்குள் மேலேயிருந்து ஒரு ஹோன், கிட்டத்தில். "இடது பக்கம் எடுங்க. இன்னும் கொஞ்சம். போதும், ஓரத்துல தண்ணிக் கான் வந்துரும்" என்றேன். இதற்கு முன் நான் அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தது கிடையாது. சொன்னபடியே செய்தார். ஒரு லொறி அவர் பக்கத்துக் கதவை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது.

அது போய்ச் சத்தமும் அடங்கின பிறகு கேட்டார், "போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

எஞ்சினை அணைத்தார். கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் கிளினிக் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை.

"வெள்ளையில பின்னாலதானே உக்காந்து வந்த. எப்படி இருந்துச்சு?"

"முழங்கால் இடிக்குதுங்க."

"அப்ப இதுல பாப்போம்" என்று இறங்கினார். கதவைப் பிடித்து, தடவி, பின் சீட்டில் ஏறிக் காலை நீட்டிப் பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்களைக் காணோம் என்று புரோக்கர் திரும்பி வந்தார். "என்னண்ணே, ரெண்டு பேரும் பின்னால ஏறிட்டீங்க?"

"இவளுக்கு மயக்கமா வருது நானா. நான் புடிச்சிக்கிறேன், நீங்க ஓட்டுங்க."

நான் கண்ணை மூடி அவர் தோளில் சாய்ந்தேன். வெள்ளை ஜீப்பைப் பக்கத்துத் தோட்டத்துக் கடை முன்னால் ஒதுக்கிவிட்டு, ஆள் அனுப்பி எடுத்துக்கலாம் என்று புரோக்கர் வந்து முன்னால் ஏறினார். "அக்காவுக்கு இந்த வண்டி ஒத்துக்கல போல. வெள்ளையே எடுங்கண்ணே."

"இல்ல நானா. கறுப்பே இருக்கட்டும். ஒரு நல்ல டிரைவரா பாத்துச் சொல்லுங்க."

புரோக்கர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், பிறகு வண்டியைக் கிளப்பினார். நான் மயக்கத்தில் இருக்கிறவளாகவே கொட்டகலை வரைக்கும் கிடந்தேன். இனி இவர் எப்படி இருப்பார், கிளினிக்கில் என்ன சொல்வார்கள், மற்றக் கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் இவருடைய வலது கால் முன் சீட்டுக்குக் கீழே போய், அங்கே இல்லாத பிரேக்கை அமுக்கியது.