நிழலில் விழுந்த வீரர்

அமிர்தி காட்டோரம் அந்தக் காலத்துப் படைமுகாம் போலக் கூடாரம் அடித்து, பழைய போர்களை நடித்துப் பார்க்கும் குழுவினர் இரண்டு நாள் கோட்டைப் போர் நடித்தார்கள். கத்தி அட்டை, கவசம் நிஜத் தோல். விழுந்தவர்களை எண்ணிச் சொல்வது என் வேலை. அது சுலபம். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் போனதிலிருந்து என் கவலை. என் முழங்கால்கள் அப்படி.

எங்கள் படையில் ஆம்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். அகன்ற தோள், மருதாணி இட்ட தாடி, பார்த்தால் தளபதி. ஆனால் முரசு கொட்டியதும் முதலில் சாவது அவர்தான். நாலு போரிலும் அதே புங்கமரத்து நிழலில் விழுந்தார்.

கடைசிப் போரில் குனிந்து கேட்டேன். "இன்னா பாய், உங்க மேல யாருமே கத்தி வைக்கலியே?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மெதுவா பேசுங்க சார். ஷூ கம்பெனியில ஆறு நாளும் நின்னுக்கினே வேலை. இங்க செத்தாதான் படுக்க விடுறாங்க."

"உங்களாலதான் நாம தோக்கறோம். ராஜா வேஷம் கட்டினவரு பேஜார் ஆவாரு."

"ஆவட்டும். நீங்க என்னை எண்ணிட்டு போங்க."

எண்ணினேன். தோற்றோம்.

மாலையில் வேலூர் பஸ்ஸுக்குக் கூட்டம் முண்டியடித்தது. நான் ஏறியபோது எல்லா இடமும் போயிருந்தது. ஜன்னல் வழியே தலைப்பாகையைப் போட்டு இடம் பிடித்திருந்த ஆம்பூர்க்காரர் எழுந்தார்.

"உக்காருங்க சார்."

"காலையில வேலைக்குப் போவணுமே, பாய்?"

"நான்தான் நாலு தடவை படுத்துட்டேனே!"

வழியில் மூன்று இடம் காலியானது. மூன்றிலும் வேறு யாரையோ கூப்பிட்டு உட்காரவைத்தார். பகலெல்லாம் படுக்கத் துடித்த மனிதர் இவர்தானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.