நல்லரத்தினத்தின் குரலுக்கு மட்டும்

ஓட்டமாவடியில் போன் கடை வைத்திருக்கிற எனக்கு எத்தனையோ வாடிக்கையாளர்கள். ஆனால் நல்லரத்தினத்தைப் போல என் கையை நோக வைத்தவன் எவனுமில்லை. வாழைச்சேனை மீன்துறையில் ஏலம் கூறுகிறவன். ஷெல் விழுந்து இரண்டு கையும் முழங்கையோடு போன பிறகு தொண்டையை வைத்தே பிழைத்தான். என்ன தொண்டை அது!

களுவாஞ்சிக்குடியில் தையல்கடை நடத்திய கண்ணகையோடு அவன் பேசுவதென்றால், நான்தான் நம்பரை அழுத்தி ரிசீவரை அவன் காதில் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தன் இப்படி நின்றால் எந்த மனிசன் மனதைத் திறப்பான்? "இண்டைக்குக் கெளுத்தி மலிவு" என்பான். இரண்டு வருசமாகக் கெளுத்திக் கதைதான். எனக்கே எரிச்சல் வந்தது.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், பெயரைச் சொன்னால் தானாகவே அழைக்கிற போன் ஒன்று கடைக்கு வந்தது. பதிந்தவனின் குரலுக்கு மட்டுந்தான் அது மசியும். காதில் மாட்டிய இயர்போனிலிருந்து கழுத்தில் தொங்கும் வயரிலுள்ள பட்டனைத் தலை குனிந்து நாடியால் அழுத்தினால் போதும். துறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏலச் சத்தத்துக்கு மேலால், "கண்ணகை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திப் பதிந்தான்.

மறுநாள் காலை, கண்ணகையைப் பெண்பார்க்க அன்று பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி கிடைத்தது. அவனுக்கு முகமே செத்துப்போனது.

"நீ வராத சாலிஹ். நான் தனியக் கேக்கப் போறன்" என்று, கரையில் கவிழ்த்திருந்த தோணிக்குப் பின்னால் போய்க் குந்தினான். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"கண்ணகை..." என்று குழைந்தான். போன் மசியாமல் 'கீக்' என்றது. இன்னும் குழைந்தான். மறுபடியும் 'கீக்'.

"டேய், பதிஞ்ச மாதிரிக் கத்துடா!" என்றேன், பொறுக்க முடியாமல்.

"கண்ணகை!"

துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே மணி அடித்தது, அவள் எடுத்தும் விட்டாள். இனி வெட்கப்பட்டு என்ன?

"கண்ணகை, என்னைக் கலியாணம் முடிக்கிறியா?"

கூடை தூக்கியவர்கள் கூடையோடு நின்றார்கள். அவள் சொல்வதை அவன் காது கொடுத்துக் கேட்டான். பிறகு துள்ளி எழும்பினான்.

"ஓம் எண்டிட்டாள்!"

விசிலும் கூச்சலுமாய்த் துறையே அதிர்ந்தது. வேறென்ன சொல்கிறாள் என்று கேட்க நான் ஓடிப்போய்க் காதை நீட்டினேன். தோளால் ஒரே இடி இடித்தான்.

"அங்கால போ மச்சான். இனி இது எங்கட கதை."

சிரித்துச் சிரித்துப் பேசியபடி வாவிக்கரையோரமாகத் தனியே நடந்தான்.

அந்த இடி வாங்கியதில் எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.