பட்டப்பகலில் எரிந்த விளக்குகள்

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டிலும் இன்று என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள்.

எனக்குக் கிடைக்கவேண்டிய பதவிக் கதிரையில் இருக்கும் கல்வி அதிகாரி கொக்குவிலிலிருந்து வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டவென்றே எல்லா விளக்கையும் பகலில் ஏற்றவைத்தேன்.

"சேர், நூர்க்கட்டே?" என்று விளக்கை அணைக்கக் குனிந்த ஒருத்தி கேட்டாள்.

"பேசாமல் இரு. அவர் வந்து பார்க்கட்டும்."

அவர் வரவில்லை. எண்ணெய் தீர்ந்து விளக்குகள் தாமாகவே அணைந்தன.

"சேர், இரவைக்குப் படிக்க வீட்டிலை வேறை எண்ணெய் இல்லை. அம்மாட்டை என்ன சொல்ல?"

"நான்தான் எரிக்கச் சொன்னதெண்டு சொல்லு."

"நம்பமாட்டா, சேர். படிச்ச மனிசன் அப்பிடிச் செய்வாரோ எண்டு எனக்குத்தான் அடி விழும்."

உங்களில் யாரிடமாவது அரைப் போத்தல் மண்ணெண்ணெய் இருக்கிறதா? வெறுங்கையோடு போய் அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.